புதன்கிழமை காலையில் சனிக்கிழமை

காலை மணி ஐந்து நாற்பது. படுக்கையறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர். அதில் வியாழக்கிழமை இருந்தது. அன்று புதன்கிழமை.

போனை எடுத்துப் பார்த்தேன். புதன்தான். இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் சப் எடிட்டராக வேலை பார்த்தவன் நான். பக்கம் அச்சுக்குப் போகும் முன் உச்சியில் இருக்கும் தேதியையும் கிழமையையும் சரிபார்ப்பது என் பொறுப்பு. செய்தியில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். கிழமையில் தப்பு வந்தால் ஊர் ஒரு வாரம் சிரிக்கும். அதனால் எந்தத் தாளைப் பார்த்தாலும் என் கண் முதலில் கிழமைக்குத்தான் போகும்.

எங்கள் வீட்டில் காலண்டர் கிழிக்கும் உரிமை என் மனைவிக்கு மட்டும். குளித்துவிட்டு, காலை ஆறு மணிக்கு, ஒரே ஒரு தாள். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் மூன்றையும் வாசித்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போவாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்று என்றால் ஒன்றுதான். முந்தின நாள் சாயங்காலம் மட்டும் ஒரு விதிவிலக்கு நடந்தது. செவ்வாய்க்கிழமைத் தாளை அன்றைக்கே அவளுடைய அண்ணன் கிழித்தார், அவள் அனுமதியோடு. ஆகவே காலையில் புதன்கிழமை இருந்திருக்க வேண்டும். யாரோ அதை எடுத்துவிட்டார்கள்.

எதற்கு எடுத்தார்கள் என்பதும் அரை நிமிடத்தில் புரிந்தது. காலண்டருக்குக் கீழே சாமி அலமாரி. அதில் பெருமாள் படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணம். கிண்ணத்துக்குள் நாலாக மடித்த இரண்டு சீட்டுகள். என் மகள் அடுத்த நான்கு வருடம் என்ன படிக்கப்போகிறாள் என்பது அந்த இரண்டில் ஒன்றில் இருந்தது.

சீட்டுகள் அங்கே வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ முடித்து, பொறியியல் கலந்தாய்வில் அவள் முறை வந்திருந்தது. விரும்பும் கல்லூரிகளையும் பாடங்களையும் கணினியில் வரிசையாக அடுக்க வேண்டும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால்தான் கீழே இருப்பதைப் பார்ப்பார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணி வரைக்கும் வரிசையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஐந்துக்கு மேல் பூட்டிவிடும். அவள் மதிப்பெண்ணுக்குச் சென்னை ஓரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைக்கும்; இல்லையென்றால் திருச்சியிலேயே எலெக்ட்ரிக்கல் கிடைக்கும். எதை மேலே வைப்பது என்பதுதான் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் நடந்த சண்டை.

மகள் எலெக்ட்ரிக்கல் என்றாள். அதைப் படித்துவிட்டுத் தேர்வெழுதி ரயில் ஓட்டப்போகிறாளாம். விளையாட்டுப் பேச்சு இல்லை. எங்கள் அடுக்குமாடி வீடு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ஏழாம் வகுப்பிலிருந்து மொட்டை மாடியில் நின்று எந்த ரயில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று நோட்டுப் போட்டு எழுதிவருகிறாள். ஆறாவது நோட்டு நடக்கிறது. இரண்டாவது நோட்டிலிருந்து நான் ஒருமுறை 'அடிக்கடித் தாமதமாகும் ரயில்களால் பயணிகள் அவதி' என்று மூன்று பத்திச் செய்தி பண்ணினேன். 'பயணிகள் கூறுகின்றனர்' என்று எழுதினேன். கூறியது அவள் ஒருத்திதான். இதை அவள் இன்னும் மறக்கவில்லை.

என் மனைவி கம்ப்யூட்டர் கட்சி. அவளுடைய அண்ணன் அந்தக் கட்சியின் தலைவர். அவர் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அங்குள்ள கொதிகலன் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஊசிமுனை அளவு குமிழ் இருந்தாலும் திருப்பி அனுப்புகிற வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு பையில் துண்டும் பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். முடிவு தெரியாமல் போவதில்லை என்று அர்த்தம்.

"பாப்பா, இன்ஜின் டிரைவர் வேலைக்கா போறேங்கறே?" என்றார் காபியை வாங்கியபடி.

"லோகோ பைலட் மாமா."

"பேரை மாத்திட்டா வேலை மாறிடுமா?"

"உங்களைக்கூட முன்னாடி எக்ஸ்ரேகாரர்னுதான் சொன்னாங்களாம். இப்போ சீனியர் மேனேஜர்னு போர்டு மாட்டியிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டு இருக்கேன் மச்சான்."

இதுதான் என் நிலைப்பாடு. மூன்று மாதமாக இதையே சொல்லிவந்தேன். பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் தங்கள் ஆசையைத் திணிக்கக் கூடாது, தகவலை மட்டும் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பத்திரிகையின் கல்வி இணைப்பில் வருடா வருடம் கட்டுரை வரும். அதைத் திருத்தித் திருத்தி எனக்கே அது மனப்பாடம். அதன்படி ஒரு கோப்பு தயாரித்தேன். உயர்கல்வி வழிகாட்டிக் கண்காட்சியில் பதினான்கு துண்டுப்பிரசுரம் சேகரித்தேன். பதினான்கிலும் செயற்கை நுண்ணறிவு இருந்தது. மூன்று வெவ்வேறு கல்லூரிகளின் பிரசுரத்தில் ஒரே பெண் ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுபக்கத்தையும் விடவில்லை. பொன்மலையில் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவரைத் தேடிப்பிடித்து, குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தேன். நான் முதல் கேள்வியைக் கேட்டதுமே அவர் சொன்னார்:

"இதையெல்லாம் போன மாசமே சொல்லிட்டேனே சார். உங்க பொண்ணு சைக்கிள்ல வந்து ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கிட்டுப் போச்சு. சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு கிடையாதும்மான்னேன். அப்ப என்ன சாப்பிடுவீங்கன்னு அதையும் கேட்டு எழுதிக்கிச்சு."

என் செய்தியை இன்னொரு பத்திரிகை முந்திக்கொண்டது போல இருந்தது. கோப்பில் அதைக் குறித்துக்கொண்டு வந்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு எல்லோரும் கத்திக் களைத்துவிட்டோம். அப்போதுதான் என் மனைவி சொன்னாள்: "சீட்டுப் போட்டுடலாம். பெருமாள் சொல்லட்டும்."

அவள் பிறந்த வீட்டின் வழக்கம் அது. எது இழுத்தடித்தாலும் இரண்டு சீட்டு எழுதி, சாமி முன்னால் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் குளித்துவிட்டு ஒன்றை எடுப்பார்கள். வீடு மாறுவதா, பசு வாங்குவதா, எல்லாம் அப்படித்தான். அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வரன் வந்தபோதும் சீட்டுதான். நான் சீட்டில் வந்தவன். சண்டை போடும் நாட்களில் அவள் இதைப் பெருமாளிடம் ஞாபகப்படுத்துவது உண்டு.

மகள் எதிர்ப்பாள் என்று நினைத்தேன். "போடுங்க" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அண்ணன் தாளைக் கிழித்து, பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் எழுதினார். எழுதும்போதே உரக்கச் சொன்னார்: "இது கம்ப்யூட்டர். இது எலெக்ட்ரிக்கல்." அவரே கத்தரித்து, அவரே மடித்து, கிண்ணத்தில் போட்டார். எல்லோரும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

இப்போது மறுபடி ஐந்து நாற்பதுக்கு வருகிறேன்.

அண்ணன் கூடத்து சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மனைவி கோலம் போடக் கீழே போயிருந்தாள். மகள் இன்னும் எழவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தேன். 'எலெக்ட்ரிக்கல்.' இன்னொன்றைப் பிரித்தேன். 'எலெக்ட்ரிக்கல்.' இரண்டின் முதுகிலும் புதன்கிழமையின் அச்சு. எழுத்து யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. வார்த்தைக்கு அடியில் இரட்டைக் கோடு இருந்தது. கணக்கின் விடைக்கு அடியில் போடுகிற கோடு.

மூன்று மாதம் கம்ப்யூட்டருக்காகத் தொண்டை வறளப் பேசியவள் விடியற்காலையில் எழுந்து மகளுக்காகப் பெருமாளை ஏமாற்றியிருக்கிறாள். ஆச்சரியப்பட்டேன் என்பது உண்மை. ஆனால் ஆச்சரியம் பத்து வினாடிதான். அதற்குப் பிறகு சப் எடிட்டர் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்த செய்தியை நான் எப்படி விடுவது? அண்ணன் நியாயமாக எழுதிய சீட்டை இவள் மாற்றிவிட்டாள். அதைச் சரிசெய்ய வேண்டும் அல்லவா.

காலண்டரில் வியாழக்கிழமையைக் கிழித்தேன். அச்சு எதுவும் வராதபடி ஓரத்து வெள்ளையிலிருந்து இரண்டு துண்டு வெட்டினேன். இவ்வளவு கவனம் எனக்கே பிடித்திருந்தது. அண்ணன் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, வரைபடத்தில் அளவு குறிப்பது போல எழுதுவார். அதே மாதிரி ஒன்றில் 'கம்ப்யூட்டர்', இன்னொன்றில் 'எலெக்ட்ரிக்கல்' என்று எழுதி, மடித்து, கிண்ணத்தில் போட்டேன். மிச்சத் தாளும் மனைவியின் சீட்டுகளும் என் சட்டைப் பைக்குள் போயின. நடுநிலை காப்பாற்றப்பட்டது. காலண்டரில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பால் வாங்கக் கீழே இறங்கினேன். மனைவி கோலத்தை முடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னிக்கு உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் விடிஞ்சிடுச்சு?"

"தூக்கம் வரலை."

"எனக்கும்தான்" என்றாள். முகத்தைப் பார்த்தேன். ஒரு கோடு மாறவில்லை. இருபது வருடமாக வகுப்பறையில் பிட்டு அடிக்கிறவர்களைப் பிடிக்கிறவளுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாதா?

ஆறு பத்துக்கு மேலே வந்தேன். காலண்டரில் சனிக்கிழமை இருந்தது.

மகள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள், கையில் ஆறாவது நோட்டு. "சென்னை வண்டி நாலு நிமிஷம் லேட்டுப்பா" என்றாள். அண்ணன் எழுந்து பல் துலக்கப் போயிருந்தார். எல்லோரும் நடமாடும்போது சீட்டுகளைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. மனைவி குளித்துவிட்டு வந்து வழக்கம் போலக் காலண்டர் முன் நின்றாள். ஒரு நாள் தள்ளியிருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவள், மூன்று நாள் தள்ளியிருப்பதைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். அன்றைக்குத் தாளைக் கிழிக்கவும் முடியாது, ஏன் மூன்று நாள் தள்ளியிருக்கிறது என்று கேட்கவும் முடியாது. கையைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

குளியலறை வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "நல்ல நேரம் எப்போன்னு பார்த்துச் சொல்லுங்க யாராவது. கண்ணாடி உள்ள இருக்கு."

நான் செய்தித்தாளைப் புரட்டினேன். மகள் காலண்டர் முன் போய் நின்று, பள்ளியில் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தாள்: "ஏழே முக்கால்லேருந்து எட்டே முக்கால் வரைக்கும் மாமா."

அது சனிக்கிழமையின் நல்ல நேரம். புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும், ஒன்பது வரைக்கும் இருக்கும். இது என் மனைவிக்குக் கணக்கு வாய்ப்பாடு போல. எமகண்டத்தில் காய்கறிகூட நறுக்கத் தொடங்க மாட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வாய் திறந்தால், காலண்டர் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். சற்று நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிடக் கொஞ்சம் பலமாக.

ஏழு நாற்பத்தெட்டு. எமகண்டம் தொடங்கிப் பதினெட்டு நிமிடம். நான்கு பேரும் அலமாரி முன் நின்றோம். அண்ணன் ஈரத்தலையோடு, நெற்றியில் திருமண்ணோடு, கற்பூரம் காட்டினார். என் மனைவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அநேகமாக மன்னிப்பு.

"நீயே எடு பாப்பா."

"நீங்கதான் பெரியவங்க. நீங்களே எடுங்க மாமா."

அண்ணன் கிண்ணத்தைக் குலுக்கினார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்ததைக் கவனித்தேன். சீட்டைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

"என்னண்ணே?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் எழுதலை."

"எழுதலையா?"

இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் வெறும் தாள்.

"அதெப்படி, நான் எலெக்ட்ரிக்கல்னுதானே..." என்று ஆரம்பித்த என் மனைவி அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும்தான் எலெக்ட்ரிக்கல்" என்றேன் நான். திருத்தம் சொல்வது எனக்குப் பழக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அண்ணன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சோதனைப் பிரிவு ஆள். அவர் பொருளைத்தான் பார்ப்பார். கண்ணாடியை வரவழைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் பாதி அச்சு இருந்தது.

"நான் எழுதினது செவ்வாய்க்கிழமைத் தாள்ல. இதுல வெள்ளின்னு போட்டிருக்கு." தலையைத் தூக்கிக் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன் மாமா" என்றாள் மகள்.

"அப்போ நல்ல நேரம்?"

"காலண்டர்ல இருந்ததைத்தான் வாசிச்சேன்."

பிறகு நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன். என் சட்டைப் பையிலிருந்து வியாழக்கிழமையின் மிச்சத்தையும் மனைவியின் இரண்டு சீட்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். மகள் நோட்டுக்குள்ளிருந்து வெள்ளிக்கிழமையின் மிச்சத்தையும் நான் எழுதிய இரண்டு சீட்டுகளையும் எடுத்து வைத்தாள். மனைவி சமையலறைக்குப் போய்க் கடுகு டப்பாவோடு வந்தாள். அதிலிருந்து புதன்கிழமையின் மிச்சம் வந்தது. கடைசியாக, அண்ணன் செவ்வாய்க்கிழமை எழுதிய அசல் சீட்டுகள் இரண்டும் வந்தன.

அவற்றை அவள் பிரித்து அண்ணன் முன்னால் வைத்தாள். 'கம்ப்யூட்டர்.' 'கம்ப்யூட்டர்.'

"இது என்னண்ணே?"

அண்ணன் துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கினார். தலை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"எங்க வேலையில எதுக்கும் கொஞ்சம் சேஃப்டி மார்ஜின் வைப்போம்."

"பெருமாள் கிட்டயேவா? நான் உங்க சீட்டைத் திறந்து பார்த்தது தப்புதான். ஆனா பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! பிள்ளை பெருமாளை நம்பி 'போடுங்க'ன்னு சொல்லுது, நீங்க ரெண்டுலயும் இதை எழுதியிருக்கீங்க. நீங்க ஏமாத்தினா நானும் ஏமாத்துவேன்னு அந்தப் பிள்ளை கேட்டதையே ரெண்டுலயும் எழுதிட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் கண்டுபிடித்த முகம்.

"அண்ணே, என் கல்யாணத்துக்குச் சீட்டு எழுதினது யாரு?"

துண்டு நின்றது.

"அது பழைய கதை."

"யாருண்ணே எழுதினா?"

"நல்ல இடமாத்தானே அமைஞ்சுது" என்றார் அண்ணன், என்னைக் கை காட்டி. நான் நல்ல இடம் போல நின்றேன். மனைவி என்னை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். இருபது வருடமாகப் பெருமாள் மேல் போட்டிருந்த பழியை எங்கே இறக்கி வைப்பது என்று யோசிப்பது தெரிந்தது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிரித்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"மாமா எனக்கு நல்லதுன்னு நினைச்சு ஏமாத்தினார். அம்மா எனக்காக ஏமாத்தினாங்க. நீங்க என்னப்பா பண்ணீங்க?"

"சரிபண்ணினேன்."

"யாருக்காக?"

இருபத்தாறு வருடம் நான் அடுத்தவர்களைக் கேட்டுத் திணறவைத்த மாதிரியான கேள்வி. 'ரெண்டு பக்கமும்' என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். எந்த இரண்டு பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் பதினேழு வயதுப் பெண் ஒரு பக்கம். மற்றவர்கள் எல்லோரும் இன்னொரு பக்கம். பொன்மலை வரை போய்க் கேட்டவன் அடுத்த அறைக்குப் போய்க் கேட்கவில்லை.

"நீ ஏன் வெறும் தாளை வெச்சே?" என்றேன். பதில் இல்லாதபோது எதிர்க்கேள்வி கேட்பதும் தொழிலில் கற்றதுதான்.

"திறந்து பார்த்தேன். ஒண்ணு அது, ஒண்ணு இது. உங்க கையெழுத்துன்னு உடனே தெரிஞ்சுது, மாமா 'ட்'டுக்குப் புள்ளியை வட்டமாப் போடுவார், நீங்க குத்துவீங்க. நாலு வருஷத்தை அப்படிக் குலுக்கிப் போட முடியாதுப்பா. அதான்."

அண்ணன் சோபாவில் உட்கார்ந்தார். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. தன் தப்பு வெளியே வந்துவிட்டால் அதைச் சுற்றிப் பேச மாட்டார்; அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

"சரி பாப்பா. கொண்டா உன் நோட்டை. நான் கேட்கிறேன், நீ பதில் சொல்லு. ஒரு இடத்துல குமிழ் இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

"கேளுங்க மாமா."

"கண்ணாடி போட்டா அந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. தெரியுமா?"

"தெரியும். போன வாரம் அம்மாவோட போய்க் கண் டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன். சரியா இருக்கு."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "நீ கூடப் போனியா?"

"தலைவலின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா" என்றாள் மனைவி. அதை அவள் சொன்ன விதத்தில் தலைவலியை அவள் எவ்வளவு நம்பினாள் என்பது சந்தேகம்தான்.

"நாலு வருஷம் படிச்சுட்டுத் தேர்வுல தேறலைன்னா?"

"எலெக்ட்ரிக்கல் டிகிரி கையில இருக்கும். மறுபடி எழுதுவேன். மூணு தடவைக்கு மேல எழுத மாட்டேன். உங்க கம்பெனி மாதிரி எங்கயாவது வேலைக்குப் போயிடுவேன்."

"எங்க கம்பெனி மாதிரி எங்கயாவதா?"

"உங்க கம்பெனிக்கே வரேன் மாமா."

"ராத்திரி டூட்டி?"

"நீங்க பார்க்கலையா?"

அவர் பதினோரு கேள்வி கேட்டார். எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துக்கு அவளிடம் பதில் இருந்தது. பதினோராவது, கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பண்ணுவாய் என்பது. "சீட்டு எழுத உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றாள். அண்ணன் நோட்டை மூடிக் கொடுத்தார். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "மாப்பிள்ளை, அந்தப் பிள்ளையோட பட்டியலை ஒரு தடவை எழுத்துப்பிழை பார்த்துடுங்க. கல்லூரி எண் மாறினா எல்லாம் போச்சு" என்றார். சம்மதம் என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னது அவ்வளவுதான்.

மனைவி அன்று பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். மத்தியானம் முழுக்க மகள் பட்டியல் அடுக்கினாள். இருபத்திரண்டு வரி. நான் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தேன். ஒன்பதாவது வரியில் கம்ப்யூட்டர் இருந்தது.

"இது எனக்காகவா?" என்றாள் மனைவி.

"ஆமாம்மா."

"எனக்கு ஒம்பதாவதுதானா?"

"எட்டுக்கு ஏத்தவா?"

"வேண்டாம், வேண்டாம். இருக்கட்டும்." சற்று நேரம் கழித்து மறுபடி வந்தாள். "கிடைச்சுடாது இல்ல?"

நாலு மணி நாற்பத்தொன்றுக்கு மகள் பூட்டும் பொத்தானை அமுக்கினாள். உறுதிசெய்ய ஆறு இலக்க எண் ஒன்று என் போனுக்கு வந்தது, விண்ணப்பத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். வாசிக்க வாயெடுத்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இருங்கப்பா. முதல்ல நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"முதல் வரியில எது இருக்கணும்னு. மூணு மாசமாச் சொல்லவே இல்லை."

"அதுக்கு நேரமில்ல. இந்த எண் செல்லாமப் போயிடும்."

"வேற எண் வாங்கிக்கலாம். அஞ்சு மணி வரைக்கும் இருக்கே."

மனைவி சமையலறை வாசலில் நின்றாள், கையில் கரண்டி. உதவிக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. நன்மை தீமை என்று இரண்டு பத்தி போட்ட என் கோப்பு மேஜையில் கிடந்தது. அதைத் தேடி என் கை நகர்ந்ததை மகள் பார்த்துவிட்டாள். கோப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எண் செல்லாமல் போனது. இன்னொன்று கேட்டாள். அது வந்தபோது நாலு நாற்பத்தாறு.

"எலெக்ட்ரிக்கல்" என்றேன்.

"ஏன்?"

"நீ கேட்டதனால."

"வேற காரணம்?"

"ஆறு நோட்டு" என்றேன்.

"சரி. இப்போ நம்பரைச் சொல்லுங்க."

ஆறு இலக்கத்தையும் வாசித்தேன். இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னாள், சரிபார்த்தாள். நாலு நாற்பத்தேழுக்குப் பட்டியல் பூட்டியது. மகள் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒதுக்கீடு வந்தது: மூன்றாவது வரி, எலெக்ட்ரிக்கல், திருச்சி. காலண்டரில் அப்போதும் சனிக்கிழமை இருந்தது.